மைக்ரோபயோம்: தொகையா, தொகுதியா, திணையா?

குடல் போன்ற ஓரிடத்தில் கூட்டமாக வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசும்போது வரும் சொல் மைக்ரோபயோம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இந்தச் சொல்லை எந்த இடத்தில் பிரிக்கிறோமோ அதற்கேற்ப பொருளும் மாறும். நம் பிரிமொழிச் சிலேடை மாதிரிதான்.

'மைக்ரோ + பயோம்' என்று பிரித்தால், பயோம் என்பது ஒரு நிலம், அதன் தட்பவெப்பம், அங்கே வாழும் உயிர்கள் எல்லாம் சேர்ந்தது. அதன் குட்டி வடிவம் மைக்ரோபயோம். 1988-லேயே இந்தப் பொருளில் எழுதியிருக்கிறார்கள். 'மைக்ரோப் + ஓம்' என்றும் பிரிக்கலாம். மைக்ரோப் என்பது பிரெஞ்சு மருத்துவர் செடியோ 1878-ல் கிரேக்க வேர்களிலிருந்து கட்டிய சொல். 'சிற்றுயிர்' என்று பொருள். ஓம், ஜீனோம் (ஓர் உயிரின் மரபணுக்கள் முழுவதும்) என்ற சொல்லிலிருந்து கழற்றி ஒட்டிய வால். 'முழுத்தொகை' என்ற பொருள் தரும். 2001-ல் நோபல் பரிசாளர் ஜோஷுவா லெடர்பர்க் கையாண்ட பிறகு சொல் எங்கும் பரவியது.

பிறகு இன்னொரு பிரிவினையும் வந்தது. குடலில் இருக்கும் உயிர்கள் மைக்ரோபயோட்டா. அவற்றோடு அவற்றின் மரபணுக்களையும் சேர்த்துச் சொன்னால் மைக்ரோபயோம். எல்லோரும் இதைக் கறாராகப் பின்பற்றுவதில்லை. ஆனால் காட்டு விலங்குகளிடம் போனால் வித்தியாசம் கண்ணில் படும்.

கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை 1971 முதல் கவனித்து வருகிறார்கள். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு கூட்டங்களைச் சேர்ந்த 48 பபூன்களின் மலத்தில் கிடைத்த டி.என்.ஏ. முழுவதையும் துண்டு துண்டாகப் படித்தார்கள். இப்படிப் படித்தால் குடலில் எந்தெந்த நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்பதோடு, என்ன வேலைக்கான மரபணுக்கள் அங்கே உள்ளன என்பதும் தெரியும். ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும் பபூன்களின் குடல் பாக்டீரியாக்கள் ஒத்திருந்தன! அப்புறம் 2021-ல், அதே அம்போசெலியில், 14 ஆண்டுகளில் 585 பபூன்களிடமிருந்து சேர்த்த 16,234 மாதிரிகள். இத்தனையையும் முழுசாகப் படிப்பது கட்டுப்படியாகாது. அதனால் 16எஸ் என்ற ஒற்றை மரபணுவின் ஒரு பகுதியை மட்டும் படித்தார்கள். சுமார் 1,500 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள இந்த மரபணு எல்லாப் பாக்டீரியாவிலும் உண்டு. சில இடங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், சில இடங்கள் இனத்துக்கு இனம் மாறும். மாறும் இடத்தைப் படித்தால் எந்தப் பாக்டீரியா, ஆள் யார் என்று பிடித்துவிடலாம். என்ன வேலை செய்கிறார் என்பது நேரடியாகத் தெரியாது. கறாராகச் சொன்னால், இது மைக்ரோபயோட்டாவின் கணக்கெடுப்பு.

சரி, தமிழில்? 'குடல் தாவரம்' என்று சிலர் எழுதுவது 'ஃப்ளோரா'வின் நேர் பெயர்ப்பு. பாக்டீரியாவைச் செடி வகையில் சேர்த்திருந்த காலத்துச் சொல் அது, விட்டுவிடலாம். இலங்கைப் பாடநூல்களில் 'நுண்ணங்கி' உண்டு. நல்ல சொல்தான், ஆனால் தமிழ்நாட்டில் அங்கி என்றால் உடுப்பு. பயோமுக்குத் 'திணை' அருமையாகப் பொருந்தும். நிலமும் அதற்குரிய மரமும் விலங்கும் பறவையும் கருப்பொருளாக அதற்குள்ளேயே இருக்கின்றன. 'குடல்திணை' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, படித்தவர்களுக்குப் புரியவில்லை.

'நுண்ணுயிர்த் தொகுதி' புழக்கத்தில் இருக்கிறது. தொகுதி என்றதும் எனக்கு வேட்பாளர்தான் நினைவுக்கு வருகிறார். ஜீனோமை மரபணுத்தொகை என்று சொல்ல முடிகிறபோது, அதே வாலுள்ள மைக்ரோபயோமை நுண்ணுயிர்த்தொகை என்பதே என் தேர்வு. மைக்ரோபயோட்டாவுக்கு நுண்ணுயிர்த்திரள் போதும்.

மாதிரி எடுக்கப் போகும் இடத்தில் மட்டும் நமக்குச் சொல் பஞ்சமே இல்லை. ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றையும் 'மல மாதிரி' என்று எழுதிவிட்டுப் போகின்றன. நம்மிடம் யானைக்கு லத்தி, மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, பறவைக்கு எச்சம் என்று தனித்தனியாக இருக்கிறது.