வர்க்கி பாக்கெட்ல காணாம போன கோடு

குன்னூர்ல வர்க்கி கடை வச்சிருக்க அண்ணன் ஒருத்தருக்கு நான்தான் லேபிள் டிசைன் பண்ணி குடுத்தேன். ஃபேஷன் பத்திரிகை அட்டைல வருமே, ஒரு கோடு தூண் மாதிரி தடியா, பக்கத்து கோடு தலைமுடி மாதிரி மெலிசா, அந்த டிடோ ஃபான்ட்ல ஊர் பேரை இங்கிலீஷ் கேப்பிடல்ல பொடிசா போட்டேன். ஸ்கிரீன்ல பெருசு பண்ணி பாத்தப்போ அவ்ளோ அழகு. பிரவுன் பேப்பர்ல அடிச்சு வந்தா நாலு 'ஓ'வும் அடைப்புக்குறியா பிளந்து கிடக்கு, நடுவுல 'என்' வெறும் சாய்ஞ்ச கோடா நிக்குது. "தம்பி, இது ஊர் பேரா, கணக்கு வாய்ப்பாடா?"ன்னார்.

இந்த தடி-மெலிசு விளையாட்டு பேனாலேருந்து வந்தது. ஓலைல எழுத்தாணி கீறினா கோடு கிட்டத்தட்ட ஒரே கனம்தான். கூர் நிப்பு அப்படி இல்ல, கீழ இழுக்கும்போது அழுத்தினா நிப்போட ரெண்டு பிளவும் விரிஞ்சு கோடு தடிக்கும், மேல போகும்போது லேசா விட்டா இழையாயிடும். ஆனா அந்த இழைய அச்சுல கொண்டு வரணும்னா பேப்பர் ஒத்துழைக்கணுமே, மேடு பள்ளமா இருந்தா அது எங்க நிக்கும்? இங்கிலாந்துல பர்மிங்காம் ஊர்ல அச்சகம் வச்சிருந்த ஜான் பாஸ்கர்வில் 1757-ல வழவழப்பான பேப்பர்ல அச்சடிச்ச தாளை சூடான செம்புத் தகடு நடுவுல வச்சு இஸ்திரி போட்ட மாதிரி அழுத்தி எடுத்தார். அதுக்கப்புறம்தான் பாரிஸ்ல ஃபிர்மின் டிடோ (ஃபான்ட் பேர் இவர் குடும்பத்துப் பேர்தான்), இத்தாலில பார்மா ஊர்ல போடோனின்னு எழுத்து வெட்டுற ரெண்டு பேரும் மெலிசுல எல்லைக்கே போனாங்க.

இப்ப என் தப்புக்கு வரேன். மெல்லிய கோடு எழுத்தளவுல 50-ல ஒரு பங்குன்னு வச்சுக்குங்க. 72 பாயின்ட்ல, அதாவது ஒரு அங்குல எழுத்தளவுல, அது அரை மில்லிமீட்டர், ஜம்முனு தெரியும். அதையே 9 பாயின்டா சுருக்கினா 0.06 மில்லிமீட்டர். நான் அனுப்பினதோ 300 டிபிஐ ஜேபெக், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வச்ச படம், அதுல ஒரு புள்ளியே 0.085 மில்லிமீட்டர், அப்போ கோடு புள்ளிய விட சின்னது, சாம்பலா மங்கிடும். அது போதாதுன்னு கருப்பு பட்டைல வெள்ளை எழுத்து வேற போட்டு வச்சேன், உறிஞ்சுற பேப்பர்ல மை நாலா பக்கமும் பரவி மிச்சம் இருந்த இழையையும் மூடிடுச்சு.

ஈய எழுத்து காலத்துல இந்த வம்பே இல்ல, ஏன்னா ஒவ்வொரு அளவுக்கும் அச்சு தனியா வெட்டுவாங்க, சின்ன அளவுல மெல்லிய கோட்டை கொஞ்சம் தடியாவே விடுவாங்க. கம்ப்யூட்டர் வந்து ஒரே உருவத்தை இழுத்து சுருக்க விட்டதுதான் கோளாறு (சோம்பேறித்தனம்னுதான் நான் சொல்லுவேன்). அதான் 1990-கள் தொடக்கத்துல ஹார்ப்பர்ஸ் பஜார்ங்கற ஃபேஷன் பத்திரிகைக்காக ஃபான்ட் டிசைனர் ஜொனதன் ஹோஃப்லர் டிடோவ மறுபடி வரைஞ்சப்போ 7 அளவுக்கு தனித்தனியா வரைஞ்சார்.

அடுத்த தடவை சின்ன எழுத்துக்குன்னே வரைஞ்ச ஃபான்ட எடுத்து, வெள்ளை பட்டைல கருப்பா போட்டு, எழுத்து புள்ளியா உடையாம கோடாவே இருக்கற மாதிரி பிடிஎஃப்பா அனுப்பினேன். பழைய லேபிள் கட்டு இன்னும் கல்லாப்பெட்டி பக்கத்துலயே இருக்கு, அண்ணன் பின்பக்கத்துல பால் கணக்கு எழுதறார்.