ஹாப் ஆன் ஹாப் ஆஃப்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

லண்டனிலும் சிங்கப்பூரிலும் மேல்தளம் திறந்த மாடிப் பேருந்துகள் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகின்றன. ஒரு நாளுக்கு ஒரே சீட்டு. பிடித்த இடத்தில் இறங்கி, ஆற அமரப் பார்த்துவிட்டு, பின்னால் வரும் வண்டியில் அதே சீட்டைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். இதற்குத்தான் 'ஹாப் ஆன் ஹாப் ஆஃப்' என்று பெயர். டெல்லியில் அதைச் சுருக்கி 'ஹோஹோ' ஆக்கிவிட்டார்கள்.

'ஹாப்' என்றால் தத்துவது, ஒற்றைக்காலில் துள்ளுவது. லண்டனில் 1956இல் ஓடத் தொடங்கிய ரூட்மாஸ்டர் பேருந்துகளுக்குப் பின்பக்கம் கதவே கிடையாது, திறந்த படி மட்டும்தான். சிக்னலில் வண்டி நின்றால்கூட ஆட்கள் தொற்றி ஏறுவார்கள், குதித்து இறங்குவார்கள். இன்றைய சுற்றுலா வண்டிகளுக்குக் கதவு உண்டு, நிறுத்தத்தில்தான் நிற்கும். துள்ளல் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. அதனால் தமிழில் துள்ளலைத் தேடிப் போக வேண்டாம்.

'பஸ்' வந்த வழி இன்னும் சுவையானது. இலத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டனில் பாடிங்டனிலிருந்து பேங்க் வரை ஓட்டிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர்தான். நாளடைவில் தலைப்பகுதி உதிர்ந்து 'பஸ்' மட்டும் மிஞ்சியது. அது வெறும் வேற்றுமை உருபின் வால்! 'எல்லோருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் பிழைத்து ஒரு வண்டிக்குப் பெயரானதுபோல. உதிர்ந்த பாதி நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். நேராக மாற்றினால் 'ஏறி இறங்கும் பேருந்து'. இது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. 'லாரி ஏறி இறங்கியது' என்று செய்தியில் படித்தால் நெஞ்சு பதறுகிறது. 'அலுவலகப் படி ஏறி இறங்கினேன்' என்றால் அலைச்சல். போதாக்குறைக்கு, எந்தப் பேருந்திலும்தான் ஏறி இறங்குகிறோம்! இந்த வண்டியின் சிறப்பு, இறங்கியபின் மறுபடி ஏறலாம் என்பது. ஆகவே வரிசையைத் திருப்ப வேண்டும்: இறங்கி ஏறும் பேருந்து.

அப்புறம், ஊர் பார்ப்பதைச் சொல்லும் பகுதி. 'சுற்றுலா' நன்கு வேரூன்றிய சொல். ஆனால் அதிலுள்ள 'உலா'வுக்கு ஒரு பழைய குணம் உண்டு. உலா இலக்கியத்தில் மன்னனோ இறைவனோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் பார்த்து மயங்குவார்கள். கோயில் வீதியுலாவும் அப்படித்தான், சுவாமியை ஊரே பார்க்கிறது. அங்கே வருபவர் பார்க்கப்படுகிறார். இந்தப் பேருந்திலோ வருபவர் பார்க்கிறார், ஊர் பார்க்கப்படுகிறது.

அதற்கென்றே அளவெடுத்த சொல் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கண்ணகியைச் சமணத் துறவி கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, கோவலன் தனியாக மதுரைக்குள் போகிறான். மணிகள் விற்கும் கடைத்தெரு, துணிக்கடைத் தெரு, தானியம் விற்கும் கூலக்கடைத் தெரு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். அந்தப் பகுதியின் பெயர் ஊர்காண் காதை. இதைவிட என்ன வேண்டும்? வண்டியின் பக்கவாட்டில் 'ஊர்காண் பேருந்து' என்று பெரிதாக எழுதலாம். சீட்டில் 'எங்கும் இறங்கி ஏறலாம்' என்று அச்சடிக்கலாம். பெயர் சுருக்கமாகவும் இருக்கும், விவரமும் விடுபடாது.

நிறுத்தத்துக்கு ஈழத்தமிழர் வழங்கும் 'தரிப்பிடம்' என்ற சொல்லை இங்கே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நிறுத்தத்தில் வண்டி நிற்பது மட்டும்தான் தெரிகிறது. தரிப்பதில் சற்றுத் தங்கிப் போவதும் இருக்கிறது. இறங்கி, ஊர் பார்த்து, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.