சாம்பிள் எடுக்க மட்டும் வீட்டுக்கு வந்தா போதுமா?

சுற்றுச்சூழல் ஆரோக்கிய ஆராய்ச்சிலதான் என் வேலை, இதுல எனக்கு ரொம்ப வருத்தம் தர்றது என்னன்னா, ஒரு டீம் வரும், ரத்தம் எடுக்கும், தண்ணி எடுக்கும், கையெழுத்து வாங்கும், அதோட ஆளையே காணோம். ரிசல்ட் ஏதோ ஒரு ஜர்னல்ல வந்திருக்கும், ரத்தம் கொடுத்தவங்களுக்கு ஒரு தாள் கூட போயிருக்காது. இது சரியே இல்லங்க.

அமெரிக்காவுல ஃப்ளின்ட்ங்கற ஊர்ல நடந்தத எடுத்துக்கோங்க. 2014 ஏப்ரல்ல செலவு குறையும்னு குடிதண்ணிய ஃப்ளின்ட் ஆத்துக்கு மாத்துனாங்க, ஆனா பைப் அரிக்காம இருக்க சேர்க்க வேண்டிய கெமிக்கல சேர்க்கல, பழைய பைப்புல இருந்த ஈயம் தண்ணில இறங்கிடுச்சு. தண்ணி கலங்கி வருது, நாறுதுன்னு ஜனங்க கத்துனாங்க, அதிகாரிங்க பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க. 2015ல ஊர்க்காரங்களும் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து வீடு வீடா தண்ணி பிடிக்கற 300 கிட் கொடுத்து 250க்கு மேல சாம்பிள் வாங்குனாங்க. ராத்திரி முழுக்க குழாயத் தொடாம வெச்சிருந்து காலைல வர்ற முதல் தண்ணியப் பிடிக்கணும், முந்தின ராத்திரியே குழாயத் திறந்துவிட்டு பைப்ப கழுவிட்டா ஈயம் கம்மியாத்தான் காட்டும், அங்க அதிகாரிங்க கொடுத்த வழிமுறைல அப்படிக் கழுவத்தான் சொல்லியிருந்துச்சு! அப்புறம் அந்த ஊர் குழந்தைகள் டாக்டர் மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தைங்க ரத்தத்துலயும் ஈயம் கூடியிருக்கறத காட்டுனாங்க, அக்டோபர்ல பழைய தண்ணிக்கே திரும்புனாங்க.

ஜனங்க எடுத்த சாம்பிள நம்ப முடியாதுன்னு சொல்றவங்க இன்னமும் இருக்காங்க. பாட்டில எப்படிப் பிடிக்கணும், நேரத்த எப்படிக் குறிக்கணும்னு ஒழுங்கா சொல்லிக் கொடுத்தா நல்லாவே எடுக்கறாங்க, லேப் சோதனை எல்லாருக்கும் ஒண்ணுதானே. அதுவுமில்லாம ஃபேக்டரிலேர்ந்து கெமிக்கல் நாத்தம் எத்தன மணிக்கு வருது, எந்தத் தெருவுக்கு முதல்ல வருதுன்னு அங்க குடியிருக்கறவங்களுக்குத்தான் தெரியும், அவங்களக் கேக்காம பகல்ல மட்டும் காத்த அளக்கற மெஷின் வெச்சா நடுராத்திரி விடுற புகை எப்படிப் பதிவாகும்?

அதனால என்ன கேள்விக்கு பதில் தேடப்போறோம்னு முடிவு பண்றப்பவே ஊர்க்காரங்க உக்காந்திருக்கணும். சர்வேக்கு அலையிறவங்களுக்கு சம்பளமும் பட்ஜெட்லயே இருக்கணும், சும்மா சேவைன்னு சொல்லி வேலை வாங்கக் கூடாது.

உங்க வீட்டுக்கு யாராவது சாம்பிள் கேட்டு வந்தா கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க, என் ரிசல்ட் எனக்கு எப்போ வரும், புரியற மாதிரி யாரு சொல்வாங்க, அளவு கூட இருந்தா அடுத்து என்ன செய்வீங்க, என் டேட்டாவ வேற யாருக்கெல்லாம் கொடுப்பீங்க. பதில் தெளிவா வரலன்னா, வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க.