பேன்ட் போட உட்காருகிறீர்களா?

முழங்கால் வலி என்று என் இயன்முறை சிகிச்சை அறைக்கு வரும் பெரியவர்களிடம் நான் முதலில் கேட்பது இது: "பேன்ட்டை நின்றபடி போடுகிறீர்களா, கட்டிலில் உட்கார்ந்தா?" சிரித்துவிட்டு, "ரெண்டு வருஷமா உட்கார்ந்துதான் மேடம்" என்பார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் பிடிப்பு போய்விட்டது என்பது அவர்களுக்கே அப்போதுதான் உறைக்கும்.

அப்படி வந்த ஒருவருக்கு வயது 66. பேரனைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு, வெளியே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவர். நீங்களும் உள்ளே போங்களேன் என்றேன். "இந்த வயசில் ஓடு உடைக்கவா?" என்றார்.

ஓடு உடைப்பது மேடை வேடிக்கை. ஒகினாவாவில் வளர்ந்த மரபான கராத்தேயின் உயிர், எதிராளி இல்லாமல் வரிசை பிசகாமல் செய்யும் அசைவுத் தொடரான 'கட்டா'வில் இருக்கிறது. அதை ஜப்பானின் பிற பகுதிகளுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவரான ஃபுனாகோஷி கிச்சின் சிறுவயதில் நோஞ்சான். 1957 இல் இறக்கும்போது அவருக்கு 88 வயது.

ஷோட்டோகான் பிரிவில் புதியவர்கள் கற்கும் ஹெய்யான் ஷோடான் கட்டாவில் 21 அசைவுகள். அதில் எனக்குப் பிடித்தவை குத்துகள் அல்ல, திரும்பல்கள்: 90 பாகை, 180, இரண்டு இடங்களில் 270. என்னிடம் வரும் பலர் நேராக நடக்கும்போது விழுந்தவர்கள் அல்லர். குளியலறையில் துண்டை எடுக்கத் திரும்பியபோது, அழைப்பு மணி கேட்டுச் சட்டென்று திரும்பியபோது விழுந்தவர்கள். கட்டாவில் முதலில் பார்வை திரும்புகிறது, பிறகு கால் இடம் மாறுகிறது, அதன் பின்னரே எடை அதன்மேல் இறங்குகிறது. அடி வைப்பதும் அப்படித்தான்: பின்கால் தரையை உரசியபடி பிறை வடிவில் உள்ளே வந்து முன்னே போகிறது. நடுவில் ஒரு கணம் முழு எடையும் ஒற்றைக் காலில். மெதுவாகச் செய்தால் கணுக்காலும் இடுப்பும் நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகவே மெதுவாகச் செய்யச் சொல்கிறேன்.

மனதுக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 67 முதல் 93 வயது வரையானவர்களுக்குக் கராத்தே பயிற்சி அளித்து 2012 இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது.

ஆனால் சில கட்டாயங்கள் உண்டு. கால்களை அகட்டி முழங்காலை மடக்கி நிற்கும் குதிரை நிலையில், முழங்கால் தேய்ந்தவர்கள் பாதியளவு தாழ்ந்தால் போதும். இன்னும் தாழ வேண்டும் என்று பயிற்றுநர் தோளை அழுத்தி, மூன்று வாரம் நொண்டியவரை நான் பார்த்திருக்கிறேன். உடலை இறுக்கி மூச்சை அழுத்தி விடும் சான்சின் கட்டா, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் மோதல் பயிற்சியின் பக்கமே போகக் கூடாது. வகுப்பில் சேருமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெரியவர் வெள்ளை பெல்ட்டுடன் நான்கு மாதமாகப் போகிறார். 270 பாகை திரும்பலில் திசை தப்பும்போது பேரன்தான் திருத்துகிறானாம். பேன்ட் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நின்னுதான் போடறேன் மேடம். அலமாரியைத் தொட்டுக்குவேன், பிடிக்கிறதில்லை."