மூச்சை விடுங்கள், பிறகு அளவெடுப்போம்

போன சனிக்கிழமை பின்னேரம் ஒரு பிள்ளை அம்மாவோடு கடைக்கு வந்தாள். வயது 19 இருக்கும். அக்காவின் கலியாணத்துக்குச் சாறி பிளவுஸ் தைக்க வேண்டுமாம். நான் நாடாவை இடுப்பில் சுற்றியதும் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சொறி அக்கா, நான் சரியான மொத்தம்" என்றாள். என்னிடம் எதற்கு மன்னிப்பு? நான் வாய் திறக்க முதல் அம்மா முந்திக்கொண்டார். "ரெண்டு இஞ்சு குறைச்சே வையுங்கோ, கலியாணத்துக்கு முதல் மெலிஞ்சிடுவாள்." கலியாணத்துக்கு இருந்தது மூன்று கிழமை.

இந்த மாதத்தில் இது நாலாவது தடவை. முதலாவது ஒரு மணப்பெண். வேறு இடத்தில் தைத்த பிளவுஸ், இதே "மெலிஞ்சிடுவன்" கணக்கில் வெட்டியது. விடிய ஐந்தரைக்குப் போன் வந்தது, கொக்கி பூட்ட முடியவில்லை என்று. தெஹிவளையில் அவர்களுடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றரை இஞ்சு இடைவெளி. பக்கத் தையலைப் பிரித்தேன், உள்ளே விட்ட துணி காலே அரைக்கால் இஞ்சுகூட இல்லை. கடைசியில் மிஞ்சியிருந்த பிளவுஸ் துண்டில் இரண்டு பட்டை வெட்டி அக்குளுக்குக் கீழே வைத்துக் கைத்தையல் போட்டேன். மேக்கப் முடிந்த முகத்தோடு அந்தப் பிள்ளை அழாமல் இருக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவளுடைய உடம்பில் ஒரு பிழையும் இல்லை, பிளவுஸ்தான் பிழை. ஆனால் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அவளுடைய கையையும் இடுப்பையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளவத்தையில் 14 வருடமாகத் தைக்கிறேன். எனக்கு ஆகக் கூடுதலாகக் கோபம் வருவது இந்த சைஸ் நம்பர் விசயத்தில்தான். "நான் எப்பவும் மீடியம் அக்கா, இப்ப லார்ஜ் ஆகிட்டன்" என்று ஏதோ பரீட்சையில் பெயிலானது மாதிரிச் சொல்லுவார்கள். நீங்கள் லார்ஜ் ஆகவில்லை. வேறு கடைக்குப் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தையற்கடை தொடங்க முதல் ஆறு வருடம் ஒரு ஏற்றுமதி கார்மென்ட்ஸில் குவாலிட்டி பார்த்தேன். அங்கே ஒரு காற்சட்டையின் இடுப்பு சொன்ன அளவை விட அரை இஞ்சு கூடினாலும் பாஸ், அரை இஞ்சு குறைந்தாலும் பாஸ். அப்படியென்றால் ஒரே லேபல், ஒரே நிறம், ஒரே பெட்டியில் வந்த இரண்டு காற்சட்டைகளுக்கு இடையில் ஒரு இஞ்சு வித்தியாசம் இருக்கலாம், இரண்டுமே "சரியான" உடுப்புத்தான். துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் வெட்டும்போது மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் கொஞ்சம் விலகும், டெனிம் கழுவும்போது ஒவ்வொரு லொட்டும் ஒவ்வொரு மாதிரிச் சுருங்கும். அதனால் ஜீன்ஸ் எடுப்பவர்கள் ஒரே சைஸில் இரண்டை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். ஒன்று ஏறாது, மற்றது சுகமாக ஏறும்.

கொழும்பில் இந்தக் குழப்பம் இன்னும் கூட. புறக்கோட்டையிலும் மகரகம பமுணுவவிலும் ஒரே கம்பியில் தொங்குகிற உடுப்புகளில் பிரித்தானியாவுக்குத் தைத்து மிஞ்சியது, அமெரிக்காவுக்குத் தைத்து மிஞ்சியது, வெளியிலிருந்து இறக்கியது எல்லாம் கலந்திருக்கும், பாதிக்கு லேபலும் வெட்டியிருக்கும். பிரித்தானிய 12 என்பது அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 8. உடம்பு ஒன்றுதான். ஒரு கடையில் 8 போட்டுச் சந்தோசப்பட்ட பிள்ளை அடுத்த கடையில் 12 ஐக் கண்டு இரவுச் சாப்பாட்டை விடுகிறாள், நான் கண்ணால் பார்த்தேன்.

இந்த நம்பர்கள் எங்கிருந்து வந்தன என்றும் சொல்லிவிடுகிறேன். 1939, 1940 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள். அந்த அளவுகளை வைத்துத்தான் 1958 இல் அங்கே பெண்களின் உடுப்புக்கு ஒரு அளவுத் தரம் வந்தது, உடம்புகளோடு பொருந்தவில்லை என்று 1983 இல் அதையும் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்கு நம்பர் போடுகிறது, வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று பெரிய அளவுக்குச் சின்ன நம்பர் ஒட்டுவதும் உண்டு. வெள்ளவத்தைப் பெண்ணோ வவுனியாப் பெண்ணோ ஹட்டன் பெண்ணோ அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் இல்லை. உங்களை அளக்காமல் போட்ட நம்பருக்காக நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அடுத்தது, இறுக்கித் தைத்தால் மெல்லியதாகத் தெரியும் என்ற நம்பிக்கை. தெரியாது. இறுகின இடத்தில் துணி குறுக்கே வரி வரியாக இழுபடும், அந்த வரிதான் பார்க்கிறவர் கண்ணைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தும். உடம்பை ஒட்டி, ஆனால் இழுக்காமல் விழுகிற துணிதான் வடிவு. கைக்குழியை இறுக்கினால் கை தூக்க ஏலாது, மாலை போடும் நேரம் தோளில் கிழியும். இந்த ஊர் வெக்கையில் இறுக்கமான பொலியெஸ்டர் போட்டு வியர்த்துத் தொடையிடுக்கிலும் மார்புக்குக் கீழேயும் தேமல், படர்தாமரை என்று அவதிப்படுகிறவர்கள் எத்தனை பேர்.

உள்பாவாடை நாடாவையும் சொல்ல வேண்டும். தினமும் சாறி உடுக்கும் ரீச்சர்மார் சிலரின் இடுப்பில் அளவெடுக்கும்போது பார்ப்பேன், நாடா போன இடம் கறுத்துத் தடித்துப் பள்ளமாக இருக்கும். மெல்லிய நாடாவை விட்டுவிட்டு இரண்டு இஞ்சு அகலப் பட்டி வைத்துத் தையுங்கள், கட்டும் இடத்தைக் கொஞ்சம் மேலே கீழே மாற்றுங்கள். அந்த இடத்தில் ஆறாத புண் இருந்தால் களிம்பு பூசிக்கொண்டு இருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். மிக அரிதாக அது புற்றுநோயாக மாறியதை இந்திய டொக்டர்மார் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, உடுப்பெடுக்கப் போகும்போது என்ன செய்வது? உடுப்பைப் போட்டுப் பார்க்கிற பிட்டோன் ரூமில் கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். இருங்கள், குனியுங்கள், 101 பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரிக் கையை மேலே தூக்குங்கள். அந்த மூன்றுக்கும் சரியென்றால் உடுப்பு சரி. உடம்பில் ஆக அகலமான இடம் எதுவோ அதற்குப் பொருந்துவதாக எடுங்கள், மற்ற இடங்களை நாங்கள் பிடித்துத் தருவோம். பிடிப்பது லேசு, விடுவதென்றால் உள்ளே துணி இருக்க வேண்டும், ரெடிமேட் உடுப்பில் பெரும்பாலும் அரை இஞ்சுக்கு மேல் இருக்காது. உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். தோள்பட்டை பொருந்தாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள், அதைத் திருத்துகிற கூலிக்கு இன்னொன்று வாங்கலாம். கொட்டனும் ரேயோனும் முதல் கழுவலில் சுருங்கும், தைக்கத் தருகிற துணியென்றால் நனைத்துக் காயவைத்துத் தாருங்கள், நனைக்காமல் தந்துவிட்டுப் பிறகு என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். ஒன்லைனில் எடுப்பவர்கள் தங்களுக்குப் பொருந்துகிற ஒரு சட்டையை மேசையில் விரித்து அளந்து, அதைக் கடைக்காரர் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். எம் எல் என்ற எழுத்தை நம்பாதீர்கள்.

பிளவுஸ் அளவுக்கு வரும்போது, அன்றைக்கு உள்ளே எது போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் நெஞ்சும் வயிறும் கொஞ்சம் கூடிக் காட்டும், அது சாதாரணம், முன்கூட்டிச் சொன்னால் அதற்கேற்ப விடுவேன். மெலிந்த பிறகு போடுவேன் என்று எதையும் சிறிதாகத் தைக்காதீர்கள். மெலிந்தால் வாருங்கள், பிடித்துத் தருகிறேன், அதற்குக் காசும் வேண்டாம்.

அம்மாமாரிடம், பெரியம்மா சின்னம்மாமாரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பிட்டோன் ரூம் திரைக்கு வெளியே நின்றுகொண்டு "இது உனக்குச் சரிவராது, உன்ர உடம்புக்கு இதெல்லாம் எடுக்காதே" என்று சத்தமாகச் சொல்கிறீர்களே, அதையே "இந்தச் சட்டை சரியில்லை, வேற பாப்பம்" என்று சொன்னால் என்ன? விசயம் ஒன்றுதான். முதலாவதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை உங்களோடு கடைக்கு வரமாட்டாள், இரண்டு சைஸ் பெரிய கறுப்பு ரீசேட்டுக்குள் ஒளிந்துகொள்வாள். மண்டபத்தில் கண்டவுடன் "என்ன, உடம்பு வைச்சிட்டுது" என்று தொடங்குகிறவர்களும் தயவுசெய்து சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

சனிக்கிழமை வந்த பிள்ளையிடம் எந்தக் கம்பஸ், என்ன படிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தரம் அளந்தேன். கதைத்துக்கொண்டு மூச்சைப் பிடிக்க முடியாது, எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஒன்றேகால் இஞ்சு கூட வந்தது, அதைத்தான் கொப்பியில் எழுதினேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் இறுகிப்போன மூன்று சட்டைகள் இருக்கின்றன என்று போகும்போது அவள் மெல்லச் சொன்னாள். திங்கட்கிழமை கொண்டுவந்தாள். இரண்டில் விடுவதற்குத் துணி இருக்கிறது.