ஸ்மார்ட் பலகை பூட்டிக் கிடக்கிறதா? பெற்றோர் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று அறிவித்தார்கள். ஆசிரியர்களுக்கு டேப்லெட்டும் தந்தார்கள். பின்னணி இவ்வளவு போதும். உங்கள் பிள்ளையின் வகுப்பில் அந்த ஸ்மார்ட் பலகை, அதாவது விரலால் தொட்டு இயக்கும் திரை, ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

பலகை ஓடாவிட்டால் அதிகம் இழப்பது வடிவியல் பாடம். புத்தகத்தில் முக்கோணம் எப்போதும் அடிப்பக்கம் கீழே இருக்க உட்கார்ந்திருக்கும். அதையே தலைகீழாக வரைந்தால் "இது முக்கோணம் இல்லை" என்று சொல்லும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பலகையில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும். முக்கோணம் நீளும், சாயும், கவிழும்; பக்கம் மட்டும் மூன்றாகவே இருக்கும். பிள்ளை தன் விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். வீடியோ போட்டுவிட்டு உட்கார வைப்பது இதில் சேராது.

முதலில் ஏமாறும் இடம்: ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் அரசுப் பள்ளிதான், "உங்களுக்கு வராது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உதவிபெறும் பள்ளி வேறு கணக்கு. சம்பளம் அரசு தருகிறது என்பதற்காகப் பலகையும் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது அலைக்கழிப்பு. பலகை வேலை செய்யவில்லை என்றால் தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்தைக் கைகாட்டுவார். அங்கே போனால் வட்டார வள மையம். அங்கே போனால் "கம்பெனிக்காரர்கள் வருவார்கள்". பலகையோ தலைமை ஆசிரியர் அறையில் துணி போர்த்தி நிற்கும். பொருத்தியாயிற்று என்று கையெழுத்து விழுந்துவிட்டால் காகிதத்தில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். "நெட் இல்லை" என்பதும் முழுக் காரணம் இல்லை. ஜியோஜீப்ரா இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

வாய்ப்பேச்சை விடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். எழுதிய பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ல் புகார் சொன்னால் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகாரை அப்புறம் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில். "ஏன் ஓடவில்லை?" என்று கேட்டால் "விளக்கம் தர இயலாது" என்று திருப்பிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள்: பலகை பெற்றதற்கான ரசீது நகல், பழுதுப் புகார்களின் நகல், அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல். "இது எங்கள் அலுவலகம் இல்லை" என்று மனுவைத் திருப்ப முடியாது. உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும், சட்டப் பிரிவு 6(3). மனுவிலேயே அந்தப் பிரிவை எழுதிவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது.