உடைத்தால் அது வேறு மருந்து

பக்கவாதம் வந்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்த ஒரு பெரியவரின் மகள் என்னிடம் வந்தார். காலை மாத்திரை கொடுத்த ஒரு மணி நேரத்தில் அப்பா துவண்டுவிடுகிறார், கை கால் சில்லிட்டுப் போகிறது, பிரஷர் 80-க்குக் கீழே இறங்குகிறது. இரவில் பார்த்தால் அதே பிரஷர் 180-ஐத் தாண்டி நிற்கிறது. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிரஷருக்குக் கொடுக்கும் நிஃபெடிபின். பெயருக்குப் பக்கத்தில் பொடியாக 'எஸ்.ஆர்.' என்று அச்சாகியிருந்தது.

"எப்படிம்மா கொடுக்கிறீங்க?"

"நல்லா பொடிச்சு, தண்ணியில கலந்து குழாயில விடுறேன்."

அவர் மேல் ஒரு தவறும் இல்லை. விழுங்க முடியாத மனிதருக்கு வேறு எப்படித்தான் கொடுப்பார்? பொடிக்கக் கூடாது என்று சீட்டு எழுதியவரும் சொல்லவில்லை, மருந்து எடுத்துக் கொடுத்தவரும் சொல்லவில்லை. மருந்தாளுநராக இத்தனை வருடம் வேலை பார்த்த பிறகும் எனக்கு உறுத்துவது இதுதான்: மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சொல்கிறோம், அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்ற எழுத்துகள் மருந்து மெதுவாக வெளியாகும்படி செய்த மாத்திரை என்பதைக் காட்டுகின்றன. பல மணி நேரத்துக்கு, சிலவற்றில் ஒரு நாள் முழுமைக்கும் வேண்டிய மருந்தை ஒரே மாத்திரைக்குள் வைத்திருப்பார்கள். சிலவற்றில் தண்ணீர் பட்டதும் மேல்பகுதி கூழ் போல ஊறிக்கொள்ளும். அந்தக் கூழைத் தாண்டித்தான் மருந்து கசிந்து வெளியே வரும். இன்னும் சிலவற்றில், கரையாத ஓட்டில் லேசரால் போட்ட ஒரு நுண்துளை இருக்கும். உள்ளே புகும் நீரின் அழுத்தத்தில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் துளை வழியே வெளியே தள்ளப்படும். இந்த வகை மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள், "மாத்திரை கரையாமல் அப்படியே மலத்தில் வருகிறதே" என்று பதறிப்போய் வருவதுண்டு. வந்தது வெறும் ஓடுதான், மருந்து உள்ளே போய்விட்டது.

பொடித்தால் அந்தக் கூழும் ஓடும் போய்விடும். மெல்ல மெல்லச் சேர வேண்டிய மருந்து மொத்தமாக இரத்தத்தில் இறங்கும், பிறகு சீக்கிரமே தீர்ந்துபோகும். காலையில் 80-ம் இரவில் 180-ம் வந்தது அப்படித்தான். டாக்டரிடம் பேசி, குழாயில் கொடுக்கத்தக்க வேறு மருந்துக்கு மாற்றினோம்.

குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்ட மாத்திரைகள் இன்னொரு வகை. இவற்றில் சிலவற்றின் அட்டையில் 'ஈ.சி.' என்று இருக்கும். வயிற்று எரிச்சலுக்குக் கொடுக்கும் பான்டோபிரசோல் இரைப்பை அமிலத்தில் சிதைந்துவிடும் மருந்து, அதனால்தான் அதற்கு அந்தப் பூச்சு. கடித்துச் சாப்பிட்டால், வேலை செய்யும் முன்பே அதில் பெரும்பகுதி வீணாகும். வயிற்று எரிச்சல் குறையவே இல்லை என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போன ஒருவர், மாத்திரையைத் தினமும் மென்று சாப்பிட்டுவந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நடுவில் கோடு இருக்கிறதே, உடைக்கலாம்தானே என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஆமாம், ஆனால் பாதியாக்கலாம் என்பதற்குப் பொடிக்கலாம் என்று அர்த்தமில்லை. பிரஷருக்கான மெட்டோபிரோலால் எக்ஸ்.எல். மாத்திரை சிலவற்றைக் கோட்டில் இரண்டாக்கலாம், நொறுக்கவோ மெல்லவோ கூடாது. அப்புறம், புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு போன்ற சில மாத்திரைகளின் தூள் கர்ப்பிணிகளின் கையில் படவே கூடாது. வீட்டில் பொடித்துக் கொடுப்பவர் யார் என்பதையும் நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

மருந்தே அல்லாத பொருள்கூட எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1968-ல் ஆஸ்திரேலியாவில் நடந்தது சாட்சி. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் கேப்சூலில், இடத்தை நிரப்பச் சேர்த்திருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸைப் போட்டார்கள். மருந்தின் அளவு துளியும் மாறவில்லை. ஆனால் அதுவரை கால்சியம் சல்பேட் மருந்தின் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் தடுத்துவந்திருக்கிறது. அது போனதும், அதே கேப்சூலை அதே கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இரத்தத்தில் ஃபெனிடாயின் ஏறி, தள்ளாட்டம் முதலான நச்சுக் குறிகள் தோன்றின.

மூலிகைக்கும் இதே கணக்குதான். மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் மருந்தை ஒரு செடியிலிருந்து எடுத்த சீன விஞ்ஞானி தூ யூயூவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. செடியைக் காய்ச்சி எடுத்த சாறு அவருக்குச் சரியாகப் பலன் தரவில்லை. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய சீன மருத்துவக் குறிப்பு ஒன்றில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று நினைத்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்தார். பலித்தது. 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. செடி மாறவில்லை, செய்முறைதான் மாறியது.

அதனால் "இது வெறும் மூலிகைதானே" என்று சொல்பவர்களிடம், எந்த வடிவத்தில், எவ்வளவு, எத்தனை நாளாக என்று கேட்கிறேன். அதிமதுரத்தில் கிளைசிரைசின் என்ற பொருள் இருக்கிறது. தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டை எப்போதாவது வாயில் அடக்கிக்கொள்வது வேறு, மாதக்கணக்கில் தினமும் கரண்டி கரண்டியாகப் பொடி சாப்பிடுவது வேறு. இரண்டாவதில் உடலில் உப்பும் நீரும் தங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரையோ இதய மருந்தான டிகாக்சினோ எடுப்பவருக்கு இது இதயத் துடிப்பையே குலைக்கலாம். கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரச் சாறும் கிடைக்கிறது, அதில் இந்தப் பயம் வெகுவாகக் குறைவு. ஒரே வேர், இரண்டு மருந்துகள்.

மஞ்சளில் இருக்கும் குர்குமினை அடைத்த கேப்சூலில் மிளகின் பைப்பரினைச் சேர்ப்பதும் குர்குமின் இரத்தத்தில் அதிகம் ஏற வேண்டும் என்றுதான். அதே பைப்பரின் ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவையும் ஏற்றிவிடும். மனச்சோர்வுக்காக விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை இதற்கு நேர் எதிர், பல மருந்துகளைக் கல்லீரல் விரைவாகக் கழிக்கும்படி தூண்டிவிடுகிறது. இதயமாற்று சிகிச்சை செய்துகொண்ட இருவருக்கு இதனால், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு இறங்கி, உடல் புது இதயத்தை ஏற்க மறுத்தது. 2000-ல் அது மருத்துவ இதழில் வெளியானது. கருத்தடை மாத்திரையும் இதனால் பலனற்றுப் போகலாம்.

சரி, விழுங்கவே முடியவில்லை என்றால் என்ன செய்வது? முதலில் எங்களிடம் சொல்லுங்கள். சிரப், நீரில் கரையும் மாத்திரை, ஒட்டும் பட்டை என்று பல மருந்துகளுக்கு வேறு வடிவம் உண்டு. (ஒட்டும் பட்டையையும் கேட்காமல் கத்தரிக்காதீர்கள்.) கேப்சூல் தொண்டையில் நிற்கிறது என்றால் தலையை அண்ணாந்து விழுங்காமல், தண்ணீரோடு வாயில் வைத்துக்கொண்டு தாடையை மார்பு பக்கம் தாழ்த்தி விழுங்கிப் பாருங்கள். கேப்சூல் லேசானது, மிதந்து தொண்டைப் பக்கம் போய்விடும். ஒமெப்ரசோல் போன்ற சில கேப்சூல்களைத் திறந்து உள்ளே இருக்கும் மணிகளை மெல்லாமல் விழுங்கலாம், ஆனால் எல்லா கேப்சூலுக்கும் இது ஒத்துவராது.

ஏற்கெனவே பொடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்துவதே ஆபத்தாகும் பிரஷர் மாத்திரைகளும் வலிப்பு மாத்திரைகளும் உண்டு. நாளையே அட்டைகளையும், கூடச் சாப்பிடும் பொடி, லேகியம், கேப்சூல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உங்கள் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ எடுத்துப் போங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். அந்த இரண்டு எழுத்துகள் அட்டையில்தான் இருக்கின்றன.